அத்தான் மேல் இறங்கிய மாத்திரை

போன செவ்வாய்க்கிழமை ஒரு கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். என் டோக்கனைக் கூப்பிட்டார்கள். எண்பதைத் தாண்டியவள் என்பதை மறந்துபோய் டக்கென்று எழுந்தேன். அவ்வளவுதான்... சுவர் சாய்ந்தது, ஃபேன் கீழே இறங்கி வந்தது, நான் மறுபடி நாற்காலிக்குள்ளேயே போய் விழுந்தேன்.

பக்கத்தில் இருந்தவர்கள் பதறிவிட்டார்கள். ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். ஒரு பெண் தன் எக்ஸ்ரே கவரால் விசிறினாள். ஒரு இளைஞன் மொபைலில் தட்டிப் பார்த்து, எனக்கு என்னென்ன வியாதி இருக்கலாம் என்று சத்தமாகவே வாசித்தான்.

வியாதியும் இல்லை, ஒன்றும் இல்லை. பிரஷர் மாத்திரையை மாற்றியிருந்தார்கள். அதன் வேலை.

நல்லவேளை... யாரும் என் காலில் விழவில்லை.

சிரிக்காதீர்கள். இதே மாதிரி மாத்திரை சாப்பிட்டு, இதே மாதிரி தலைசுற்றி விழுந்த என் அத்தான் காலில் பாதி ஊர் விழுந்தது.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. நர்ஸ் படிப்பு முடித்து, சிவகாசியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தங்கியது திருத்தங்கலில், அக்கா கிரேஸ் வீட்டில். அக்கா வீட்டுக்காரர் ஞானமுத்து — ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டர். கந்தக பூமி என்று பெயரெடுத்த ஊரில், சித்திரை வெயிலில்கூட கழுத்துவரை பட்டன் போட்ட கோட்டுடன் திரிந்த ஒரே மனிதர். சாம்பாரில் பெருங்காயம் கூடினால் கோபம். ஒரு பையன் 'ழ'வை 'ள' என்று வாசித்தால் கோபம். எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான் வாசிப்போம். ஆகவே நாள் முழுக்கக் கோபம். அவருக்கு பிளட் பிரஷர் வந்ததில் ஆச்சரியம் இல்லை. அவரோடு இருந்த எங்களுக்கு வராததுதான் ஆச்சரியம்.

ஐம்பதுகளில் அவருக்கு முதன்முதலாக பிரஷர் என்று கண்டுபிடித்தபோது, வைத்தியம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. உப்பைக் குறை. ஓய்வெடு. கோபப்படாதே. கடைசியில் சொன்னதைக் கேட்டதும் அவருக்கு வந்த கோபம் இருக்கிறதே!

பிறகு சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுத்த மாத்திரை வந்தது. பிரஷர் இறங்கியது. கூடவே மனுஷனும் இறங்கிப்போனார். எந்நேரமும் மூக்கடைப்பு, தூக்கம், காரணமே இல்லாத துக்கம். பையனை அடிக்கப் பிரம்பை எடுப்பார், அதைப் பார்த்துத் தானே கண்கலங்கி மேஜைமேல் வைத்துவிடுவார். பையன்களுக்கு அது பொற்காலம். அக்காவுக்குத்தான் பயம். ஒருநாள் அவர் கிணற்றடியில் நெடுநேரம் சும்மா நின்றதைப் பார்த்துவிட்டு, மறுநாளே மதுரைக்கு ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

மதுரை டாக்டர் அந்த மாத்திரையை நிறுத்தினார். புதுசாக வந்திருந்த வேறொன்றை எழுதினார். எழுதும்போதே எச்சரித்தார்: "படுத்து எழுந்தா, முதல்ல உட்காருங்க. கொஞ்ச நேரம் கழிச்சு மெதுவா நில்லுங்க. சட்டுன்னு எழுந்தா ரத்தம் தலைக்குப் போகாது. விழுந்துடுவீங்க."

அத்தான் சிரித்தார். "டாக்டர், நான் ஹெட்மாஸ்டர். என்னைப் பார்த்து மத்தவங்க எழுந்துதான் பழக்கம்."

மாத்திரையைவிடப் பெரிய பிரச்சினை, அதை ஒளித்துவைப்பது.

ஏன் ஒளிக்கணும்? சொல்கிறேன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் பிளட் பிரஷர் என்பது பணக்காரர்கள் போட்டுக்கொள்ளும் நகை. தீப்பெட்டி, பட்டாசு, பிரஸ் என்று முதலாளி ஆனவர்கள் கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்துகொண்டே, "எனக்கு உப்பு ஆகாது... பிரஷர்லா!" என்பார்கள். மோதிரக் கையை ஆட்டுவது மாதிரியே இருக்கும். அதே பிரஷர் மாதச் சம்பளக்காரனுக்கு வந்தால்? அதற்குப் பெயர் நோய்.

அத்தானுக்கு ரிட்டயர்மென்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. கரஸ்பாண்டன்ட் — பள்ளி நிர்வாகி — மனசு வைத்தால் எக்ஸ்டென்ஷன் கிடைக்கும். ஆனால் அந்த நாற்காலிக்கு கரஸ்பாண்டன்டின் தங்கை வீட்டுக்காரரே காத்திருந்தார். ஹெட்மாஸ்டருக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதாதா? அதனால் மாத்திரைகள் ஒரு பெப்பர்மின்ட் டப்பாவுக்குள் குடிபோயின. ஹெட்மாஸ்டர் முட்டாய் தின்கிறார் என்று பையன்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அந்த ஏப்ரலில் எங்கள் சர்ச்சுக்கு ஒரு பிரசங்கியார் வந்து, சாயங்காலம் சாயங்காலம் பந்தல் போட்டுக் கூட்டம் நடத்தினார். எழுப்புதல் கூட்டம் என்று பெயர். ஆனால் விழுந்தவர்கள்தான் அதிகம். பரிசுத்த ஆவி இறங்கியது என்று ஆட்கள் அங்கங்கே சாய்ந்தார்கள். பிரசங்கியார் ஊரைவிட்டுப் போய்விட்டார், சூடு மட்டும் மிச்சம் இருந்தது.

அதற்கு அடுத்த ஞாயிறு. சர்ச்சில் நெருப்பாக இருந்தது. எல்லோரும் முழங்காலில் நின்று நீண்ட ஜெபம். கடைசியில் குருவானவர், "எழுந்து நின்று பாடுவோம்" என்றார். முதல் வரிசையில் அத்தான். எப்போதும்போல் எல்லோருக்கும் முந்தி விறைப்பாக எழுந்தார்.

எழுந்தவர் அப்படியே பின்பக்கமாகச் சரிந்தார்.

ஆர்மோனியம் நின்றது. நான் ஓடினேன். கோட்டுப் பட்டனைக் கழற்றி, காலைத் தூக்கி ஒரு பெஞ்சின்மேல் வைத்தேன். படுத்ததும் ரத்தம் தலைக்குப் போகுமே... கண்ணைத் திறந்துவிட்டார். முகம் அவ்வளவு அமைதி. ஜன்னல் வெயில் நேராக அதன்மேல்.

"வெளிச்சம்... ஒரே வெளிச்சமா வந்துச்சு" என்றார்.

மயக்கம் வரும்போது கண்ணில் பூச்சி பறக்கும் அல்லவா, அதைத்தான் சொன்னார். ஆனால் பின்னால் நின்ற தையல் டீச்சர் "ஸ்தோத்திரம்!" என்று வீறிட்டாள். "சார் மேல ஆவி இறங்கிருச்சு! நான் பார்த்தேன்!"

நான் "மாத்திரை..." என்று வாயைத் திறந்தேன். அத்தான் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். எதிர்ப்பக்கம் பார்த்தார். அங்கே கரஸ்பாண்டன்ட், கூப்பிய கையோடு, கண்ணில் நீரோடு நின்றுகொண்டிருந்தார்.

அத்தான் மெதுவாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

அதுதான் பொய். வாயால் அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா பிடித்துக்கொண்டாள். "ஏங்க, ஊரே ஒண்ணு சொல்லுது. இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"நான் என்ன சொன்னேன்? அவுகளா சொன்னா, நான் ஒவ்வொரு வீடா போய் எனக்கு நோயின்னு தண்டோரா போடணுமா?"

"அத்தான், டோஸைக் குறைக்கச் சொல்லி டாக்டருக்குத் தகவல் சொல்வோம்" என்றேன்.

"நீ ஒன் ஆஸ்பத்திரியைப் பாரு, ரூபி."

அப்புறம் வரத்து ஆரம்பமானது. ஒரு அம்மா எண்ணெய் பாட்டிலோடு வந்தாள். பரீட்சை எழுதப்போகிற பையன்கள் பேனாவோடு வந்தார்கள். ஒரு பிரஸ்காரர் புது மெஷினில் அச்சடித்த முதல் பட்டாசு லேபிளைத் தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவந்தார். சாமி வேறாக இருந்தால் என்ன? பலித்தால் சரி. இந்த விஷயத்தில் எங்கள் ஊரில் மதச் சண்டையே கிடையாது.

அத்தான் இன்னும் இரண்டு மூன்று இடங்களில் விழுந்தார். ஸ்கூல் பிரேயரில், ஒரு கல்யாண வீட்டில், ஒருமுறை பஸ்ஸை விட்டு இறங்கும்போது. ஒவ்வொரு தடவையும் புகழ் கூடியது. ஆவி எப்போதும் அவர் எழும்போதுதான் இறங்கியது. உட்காரும்போது ஒருநாளும் இறங்கவில்லை. இதை ஒருவராவது கவனிக்க வேண்டுமே? ம்ஹூம்.

மெல்ல மெல்ல அவருக்கும் அது பிடித்துப்போய்விட்டது. குரல் தணிந்தது. தலையில் கை வைக்கும்போது கண் பாதி மூடியது. கரஸ்பாண்டன்ட் தெருவில் பார்த்தாலே கும்பிட்டார். "சார் இன்னும் ரெண்டு மூணு வருஷம் இங்கனயே இருக்கணும்" என்று அவரே சொல்லிவிட்டார். தங்கை வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போனது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, சண்முகசாமி அண்ணாச்சி வரும்வரை.

அண்ணாச்சிக்கு நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி. ஆள் பெரிய உருவம், சத்தமான சிரிப்பு. ஸ்கூலுக்கு அவர் வாங்கிக்கொடுத்த பெஞ்சுகள் உண்டு. பிரஷரைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவர்களில் அவர்தான் தலைவர். எங்கள் ஆஸ்பத்திரியில்தான் மாத்திரை வாங்குவார். அதில் ஒன்று, நீரைப் பிரித்து வெளியேற்றுகிற மாத்திரை.

ஒரு சாயங்காலம் காரில் வந்து இறங்கினார். நான் டியூட்டியில் இருந்தேன். நடந்ததை அக்கா எனக்குச் சொன்னாள்.

"எட்மாஸ்டரையா, நல்லா இருக்கீகளா? எனக்கு ஒரு உபகாரம் பண்ணணும்" என்றாராம். "இந்த மாத்திரையத் தின்னு மனுசன் கெடக்க முடியல. சீசன் வந்துருச்சு. லாரில லோடு ஏத்துற நேரம், மொதலாளி எங்கன்னு கேட்டா, முள்ளுக்காட்டுல ஒதுங்கியிருக்காருங்கான். எம்புட்டுத் தடவ ஓட? வேலக்காரப் பொம்பளைகள்லாம் சிரிக்காளுக. நீங்க ஒரு கை வச்சு ஜெபம் பண்ணுங்க. அம்புட்டுதான்."

அத்தான் கை வைத்தார். ஜெபம் பண்ணினார். அண்ணாச்சி குளிர்ந்துபோய் எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது, "போனதும் அந்த மாத்திரைய எல்லாம் கெணத்துல எறிஞ்சிருவேன் பாருங்க!" என்று சிரித்தார்.

அத்தானும் சிரித்தார்.

கார் போனதும் அக்கா கேட்டிருக்கிறாள். "நெசமாவே எறிஞ்சிருவாரோ?"

"வெளையாட்டுக்குச் சொல்றாரு, கிரேஸ்."

அண்ணாச்சி விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

தீபாவளிக்குச் சில வாரங்கள் இருக்கும். மத்தியான நேரம். கம்பெனி வேன் ஒன்று ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. நாலு பேர் அண்ணாச்சியைத் தூக்கிவந்தார்கள். மூக்கிலிருந்து ரத்தம். வெள்ளைச் சட்டை நெஞ்சுவரை சிவப்பு. வாய் ஒருபக்கமாகக் கோணியிருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார், புரியவில்லை. டாக்டர் பிரஷர் பார்த்தார். பாதரசம் ஏறிக்கொண்டே போனது. நான் அதைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு டாக்டர் முகத்தைப் பார்த்தேன். அது இன்னும் மோசமாக இருந்தது.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறாரா?"

அண்ணாச்சியின் சம்சாரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "இல்ல டாக்டர். எட்மாஸ்டரையா ஜெபம் பண்ணாகல்ல... அன்னியோட நிறுத்திட்டாக. நான் இருக்கன்குடி ஆத்தாளுக்கு நேர்ந்துக்கிட்டேன், மாத்திரையயும் தின்னுங்கன்னேன். கேக்கல."

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் யார் வீட்டில் தங்கியிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

ஊசி போட்டு ரத்தத்தை நிறுத்தினோம். கொஞ்சம் தெளிந்ததும் மாத்திரையை நீட்டினேன். அண்ணாச்சி குழறிக்கொண்டே தலையை ஆட்டினார். "வேண்டாம் நர்ஸம்மா. இப்பத் தின்னா... சாரு ஜெபம் பலிக்காது. சாரக் கூப்பிடுங்க." உதட்டை இறுக மூடிக்கொண்டார். ஒரு பெரிய மனிதரின் வாயைத் திறக்க, சோறூட்டுகிற தாய் மாதிரி அவர் சம்சாரம் கெஞ்சியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

யூனிஃபார்மோடு பஸ் ஏறி ஸ்கூலுக்குப் போனேன். ஹெட்மாஸ்டர் ரூமில் கரஸ்பாண்டன்ட் உட்கார்ந்திருந்தார். எக்ஸ்டென்ஷன் பேச்சு. மேஜையில் காபி.

"அத்தான், அண்ணாச்சி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். வாய் கோணிப்போச்சு. மாத்திரையை அன்னைக்கே நிறுத்திட்டாராம். இப்பவும் சாப்பிட மாட்டேங்கிறார். நீங்க வந்து சொன்னாத்தான் சாப்பிடுவாராம்."

அத்தான் முகம் வெளுத்தது. இந்தத் தடவை நாற்காலியில் உட்கார்ந்தபடியே.

கரஸ்பாண்டன்ட் உற்சாகமாகிவிட்டார். "வாங்க சார், நானும் வாரேன். ஒரு ஜெபம் பண்ணிட்டு வருவோம். என் கார் இருக்கு."

வழி முழுக்க அத்தான் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். ஒருதடவை மட்டும் என்னிடம், மிகவும் மெதுவாக, "பொழைச்சுக்குவாரா?" என்றார். "மாத்திரை சாப்பிட்டா" என்றேன்.

வார்டில் கூட்டம். கம்பெனி ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். ஒருவர் குனிந்து அத்தான் காலைத் தொட்டார். அண்ணாச்சி நல்ல கையை நீட்டி, "கைய வைங்க சார்" என்றார்.

அத்தான் கையைக் கோட்டுப் பாக்கெட்டுக்குள் விட்டு அந்த டப்பாவை எடுத்தார்.

"அண்ணாச்சி, இது என்ன தெரியுமா?"

"முட்டாயி."

"பிரஷர் மாத்திரை. எனக்கும் பிரஷர் இருக்கு. நான் தெனமும் இதைத்தான் திங்கேன். கோயில்ல விழுந்தது ஆவி இறங்கி இல்ல. பிரஷர் இறங்கி."

சரி, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அண்ணாச்சி கோணிய வாயால் சிரித்தார். "என்னய சோதிக்கீகளா சார்?"

கம்பெனி மேஸ்திரி பக்கத்து ஆளிடம் சொன்னார்: "பெரியவுக இப்படித்தான்ப்பா. தன்னத் தாழ்த்திப் பேசுவாக."

அத்தானைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கண்ணை மூடியபோது ஊரே நம்பியது. வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் ஒரு ஆளும் நம்பவில்லை! இப்போது என்ன செய்வது?

அவர் செய்ததைக் கேளுங்கள். காலியாகக் கிடந்த பக்கத்துக் கட்டிலில், கோட்டும் ஷூவுமாக, மல்லாந்து படுத்தார். "ரூபி, பிரஷர் பாரு. சத்தமா சொல்லு." பார்த்தேன், சொன்னேன். அண்ணாச்சி அளவுக்கு இல்லை, ஆனாலும் உயரம்தான். கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தார். கூட்டம் எட்டிப் பார்த்தது.

"இப்ப எந்திரிக்கப் போறேன். கையில பட்டையைக் கழத்தாத. அண்ணாச்சி, நல்லா பாருங்க."

"வேண்டாம் அத்தான்!" என்றேன்.

கிடந்தவர் ஒரே துள்ளலில் எழுந்து நின்றார். நான் பம்பை அழுத்தினேன். காற்றை விட்டதும் பாதரசம் சரசரவென்று நெடுகக் கீழே ஓடிய பிறகுதான் துடிப்பு கேட்டது. டாக்டர் குனிந்து பார்த்து, "பாதிக்கு வந்துடுச்சு" என்று சொல்லி முடிப்பதற்குள் அத்தான் சாய்ந்தார். சாய்ந்தது நேராகக் கரஸ்பாண்டன்ட் மேல். இருவரும் சேர்ந்து தரையில் கிடந்தார்கள்.

கீழே கிடந்தபடியே அத்தான் கண்ணைத் திறந்தார். "ஆவி இல்ல, அண்ணாச்சி" என்றார். "மாத்திரை. இனியும் நம்பலைன்னா இன்னொரு தடவ விழுறேன். நீங்க செத்துப்போனா நான் என்ன செய்வேன்?" சொல்லும்போதே அழுதார். பல வருஷம் ஹெட்மாஸ்டராக இருந்த மனிதர், ஆஸ்பத்திரித் தரையில், இத்தனை பேர் முன்னால்.

அண்ணாச்சி நல்ல கையை ஊன்றி, தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். பிறகு மேஸ்திரியிடம் குழறலாக உறுமினார்: "ஏலே, பாத்துக்கிட்டு நிக்க! சாரத் தூக்குலே... அந்த மாத்திரையயும் கொண்டாலே!"

அண்ணாச்சி பிழைத்துக்கொண்டார். வாய் ஓரம் கொஞ்சம் இறங்கியது இறங்கியதுதான். ஆனால் தீபாவளி லோடுகளை வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தே அனுப்பினார். முள்ளுக்காட்டுப் பக்கம் போய்வந்ததைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

அத்தானுக்கு? எக்ஸ்டென்ஷன் இல்லை. ஊரை ஏமாற்றியதற்காக என்று கரஸ்பாண்டன்ட் சொல்லியிருந்தால் ஞாயம் என்றிருப்பேன். அவர் சொன்ன காரணம் வேறு: "சாருக்கு உடம்பு சரியில்ல, பாவம். ஓய்வு எடுக்கட்டும்." தங்கை வீட்டுக்காரர் அடுத்த ஜூனில் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அத்தான் அந்த ஞாயிறே சர்ச்சிலும் எழுந்து... மன்னிக்கவும், உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டார். குருவானவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஜனங்கள்? தையல் டீச்சர் வீட்டுக்கே வந்து சண்டை போட்டாள். "ஒங்க ஜெபத்துல எனக்குத் தலைவலி போயிருந்துச்சு சார். நீங்க அப்படிச் சொன்ன அன்னைக்கே திரும்ப வந்துருச்சு. இதெல்லாம் எதுக்கு வெளிய சொல்லணும்?"

அந்தத் தலைவலிக்கு வந்து பிரஷர் பார்த்துக்கொள் என்று நான் எத்தனையோ தடவை கூப்பிட்டேன். வரவே இல்லை.

யோசித்துப் பார்த்தால் மாத்திரைக்கு ஒரு துரதிர்ஷ்டம். அது ஒழுங்காக வேலை செய்தால் ஒன்றுமே நடக்காது. ஒன்றும் நடக்காததற்கு யார் கைதட்டுவார்கள்? யாராவது பொத்தென்று விழுந்தால்தான் நமக்கு நம்பிக்கை வருகிறது. இன்றைக்கும் என் அப்பார்ட்மென்டில் நன்றாக இருக்கிறவர்கள்தான், "அதான் நல்லா இருக்கேனே" என்று பிரஷர் மாத்திரையை நிறுத்துகிறார்கள். வாட்ஸ்அப்பில் வந்த கஷாயத்தைக் குடிக்கிறார்கள்.

அத்தான் அதன்பிறகு பல வருஷம் மாத்திரையை விடாமல் சாப்பிட்டார். டாக்டர் பேச்சைக் கேட்கவும் ஒருவழியாகக் கற்றுக்கொண்டார். சர்ச்சில் எல்லோரும் எழுந்து நிற்கும்போது அவர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். இரண்டாவது சரணம் வரும்போதுதான், முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுவார்.

பின்வரிசையில் தையல் டீச்சர் யாரிடமோ முணுமுணுத்தது என் காதில் விழுந்தது:

"ஆவி இருந்தவரைக்கும் மொத ஆளா எந்திரிச்சாரு. இப்ப பாரு... எம்புட்டுக் கர்வம்!"